இரத்த தானமும் ஒரு கோப்பை பீரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல நகரங்களில் விந்தையான வழக்கம் ஒன்று உண்டு. இரத்த தானம் செய்து எழுந்தவரிடம் ஒரு சிறு சீட்டு கொடுக்கப்படுகிறது. அவ்வூரிலேயே சிறிய அளவில் பீர் தயாரிக்கும் ஆலைக்குச் சென்று அச்சீட்டைக் காட்டினால் ஒரு கோப்பை பீர் இலவசமாகக் கிடைக்கும். கொடுத்தது ஒரு பைண்ட் இரத்தம். பெறுவது ஒரு பைண்ட் பீர். 'பைண்டுக்குப் பைண்ட்' என்ற சொல்லடுக்கே இத்தகைய திட்டங்களுக்குப் பெயராகவும் விளம்பரமாகவும் அமைந்துவிட்டது. அந்நாட்டுப் பைண்ட் 473 மில்லிலிட்டர் ஆகும். ஒருவரிடமிருந்து ஒரு தடவை எடுக்கப்படும் இரத்தமும் ஏறத்தாழ அந்த அளவே.

நம் நாட்டு இரத்த தான முகாமில் பீர்ச் சீட்டு வழங்குவதை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பீகார், குஜராத் முதலிய மாநிலங்களில் மதுவிலக்கு நடைமுறையில் இருக்கிறது. ஏனைய இடங்களிலும் முகாம் பந்தலில் அப்பேச்சு பொருந்தாது. ஆயினும் அந்த ஒரு கோப்பைக்குள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. இழந்த இரத்தத்தை அது ஈடு செய்யுமா? எத்தனை மணி நேரம் கழித்து அதை அருந்தலாம்? தானம் செய்தவருக்குப் பரிசு கொடுத்தல் தகுமா? பீர் இருக்குமிடத்தில் பழரசத்தையோ சுவர்க் கடிகாரத்தையோ வைத்துப் பார்த்தால் இவ்வினாக்கள் நம்முடையவையும் ஆகின்றன. தவிரவும், "காலையில் இரத்தம் கொடுத்தேன், மாலையில் குடிக்கலாமா?" என்று நேராகவே கேட்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். முகாமில் பணியாற்றுவோர் முகம் சுளித்து அவர்களை அனுப்பிவிடுதல் எளிது; காரணத்தோடு விடை கூறுதலே பயன் தருவது.

கறுப்பு நிறம் செய்த மயக்கம்

பீருக்கும் இரத்தத்திற்கும் உறவு கற்பித்தது இக்காலத்துச் சிற்றாலைகள் அல்ல. அயர்லாந்தில் இரத்த தானம் செய்தவர்களுக்குக் கின்னஸ் எனப்படும் கறுப்பு பீர் வழங்கும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்து, பிற்காலத்தில் கைவிடப்பட்டது. டப்ளின் நகரத்தில் 1759ஆம் ஆண்டில் தோன்றிய ஆலையின் பண்டம் அது. 1929இல் அந்த ஆலை விளம்பரம் செய்யத் தொடங்கியபோது, அப்பானம் உடலுக்கு நல்லது என்பதையே முதல் வாசகமாகக் கொண்டது. அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறுவோருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் மருத்துவர்களே அதைச் சிபாரிசு செய்த காலமும் இருந்தது. அதில் இரும்புச் சத்து நிறைந்திருக்கிறது என்ற நம்பிக்கையே இதற்கெல்லாம் அடிப்படை.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமன்று. அந்த பீர் கறுத்திருக்கும்; வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தால் கருஞ்சிவப்பாகத் தோன்றும். இரத்தத்தின் நிறத்தை ஒத்த பொருள் இரத்தத்தை வளர்க்கும் என்ற எண்ணம் எல்லா நாட்டு மக்களிடமும் உண்டு. பீட்ரூட் சாற்றையும் மாதுளையையும் பற்றி நம்மவர் கூறுவதும் இவ்வகையே. உண்மையில் கறுப்பு பீரின் நிறத்திற்குக் காரணம் வறுத்த வாற்கோதுமை. காப்பிக் கொட்டையை வறுக்கும்போது எவ்வாறு நிறம் ஏறுகிறதோ அவ்வாறே இதற்கும் ஏறுகிறது. அந்நிறத்தில் இரும்புக்குப் பங்கில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பீர் தயாரிப்பவன் இரும்பைத் தன் பகையாகவே கருதுகிறான். காய்ச்சும் நீரில் சிறிதளவு இரும்பு கலந்திருந்தாலும் பானத்தில் உலோகச் சுவை தட்டும்; விரைவில் கலங்கிக் கெட்டும் போகும். ஆதலால் நீரிலிருந்து இரும்பை நீக்கிய பின்னரே வேலையைத் தொடங்குகிறான். துருப்பிடிக்காத எஃகுக் கலங்களையே பயன்படுத்துகிறான். எந்தச் சத்தை நாடி நோயாளிக்குப் பீரைக் கொடுத்தார்களோ, அந்தச் சத்து சேராதிருக்கவே ஆலைக்காரன் பாடுபட்டுக்கொண்டிருந்தான்!

கணக்குப் பார்ப்போம். இதை வகுப்பறையில் மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். ஆரோக்கியமான ஒருவருடைய இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 14 கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறதெனக் கொள்வோம். 450 மில்லிலிட்டர் இரத்தத்தில் 63 கிராம் ஆகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. எனவே ஒரு தானத்தில் உடல் இழக்கும் இரும்பு சுமார் 214 மில்லிகிராம். ஒரு பைண்ட் கறுப்பு பீரில் இருப்பதோ ஏறக்குறைய 0.3 மில்லிகிராம், ஒரு கோழிமுட்டையில் உள்ளதைவிடக் குறைவு. இழந்ததை அப்பானத்தால் ஈடு செய்ய வேண்டுமானால் எழுநூறு கோப்பைக்கு மேல் குடித்தாக வேண்டும். உட்கொள்ளும் இரும்பு முழுவதையும் குடல் ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு ஆயிரங்களில் போய் நிற்கும். அதற்குள் குடித்தவருடைய ஈரல் என்னவாகும் என்பதை மாணவர்களே கூறிவிடுவார்கள்.

இழந்தது எப்பொழுது மீளுகிறது?

இரத்தம் ஒரே பொருளன்று; அதன் பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் மீளுகின்றன. பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி ஓரிரண்டு நாட்களில் நிரம்பிவிடுகிறது. சிவப்பு அணுக்கள் பழைய எண்ணிக்கையை அடையச் சில வாரங்கள் ஆகும். எல்லாவற்றிலும் மெதுவாக மீளுவது இரும்புச் சேமிப்பு. சாதாரண உணவிலிருந்து உடல் ஒரு நாளில் ஏற்றுக்கொள்ளும் இரும்பு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். சேமிப்புக் குறைந்திருக்கும்போது குடல் சற்று அதிகமாக ஏற்கும் எனினும், இருநூறு மில்லிகிராம் சேர மாதக்கணக்கு ஆகிவிடும் என்பது வெளிப்படை. நம் நாட்டில் ஆண்களுக்கு 90 நாட்கள், பெண்களுக்கு 120 நாட்கள் என்று இரு தானங்களுக்கிடையே இடைவெளி விதித்திருப்பது இக்காரணம் பற்றியே.

அந்த இடைவெளியும் சிலருக்குப் போதாது என்று 2015இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. தானம் செய்தவர்களில் ஒரு சாராருக்கு நாள்தோறும் 37.5 மில்லிகிராம் இரும்பு கொண்ட மாத்திரை கொடுக்கப்பட்டது. மறு சாராருக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை. மாத்திரை பெறாதவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு 168 நாட்கள் கழிந்த பின்னும் இரும்புச் சேமிப்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இத்தனைக்கும் இறைச்சி தாராளமாக உண்ணும் நாடு அது.

நம் நாட்டு நிலையை இதனோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். தானத்திற்கு முன்வரும் பெண்களில் பலர் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைவாக இருப்பதால் திருப்பி அனுப்பப்படுகின்றனர். 'உங்களுக்கு இரத்தம் போதாது' என்று ஒரு வாக்கியத்தில் கூறி அனுப்பிவிடுவது நம் முகாம்களில் நடக்கும் பெருங்குறை. இரத்தசோகையைக் கண்டுபிடித்த அந்தக் கணத்தில் அப்பெண்ணுக்கு முகாம் ஒரு மருத்துவமனையாகவே ஆகியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரைப் பார்க்க வேண்டும், இரும்பு மாத்திரையை எப்பொழுது உட்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால், அவர் அடுத்த ஆண்டு கொடையாளராகத் திரும்பி வரவும் கூடும்.

முதல் கால் மணி நேரம்

இனி இரண்டாவது வினாவிற்கு வருவோம். தானம் செய்தவர் மயங்கி விழுவது மிகச் சிலருக்கே நேர்வது. ஆனால் நேர்ந்துவிட்டால் அவர் மறுமுறை வருவது அரிது. பார்த்துக்கொண்டு நின்ற அவருடைய நண்பர்களும் மெல்ல நழுவிவிடுவர். ஒரு கல்லூரி முகாமின் வெற்றி தோல்வியை ஒரே ஒரு மயக்கம் தீர்மானித்துவிடக் கூடும்.

மயக்கம் ஏன் வருகிறது? 65 கிலோகிராம் எடையுள்ளவருடைய உடலில் சுமார் நாலரை லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு பத்து நிமிடத்திற்குள் வெளியேறிவிடுகிறது. படுத்திருக்கும் வரை உடல் இதை எளிதில் சமாளிக்கும். எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. உடனே இரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் விரைந்து துடித்து, மூளைக்குச் செல்லும் ஓட்டத்தைக் காக்க வேண்டும். அச்சமும் வெயிலும் பசியும் சேர்ந்தால் நரம்புகள் இதற்கு நேர்மாறாக வேலை செய்துவிடுகின்றன. குழாய்கள் தளர்கின்றன, இதயத் துடிப்பு மந்தமாகிறது, முகம் வெளிறி, வியர்வை அரும்பி, ஆள் சாய்ந்துவிடுகிறார். கட்டிலில் மயங்குபவரைத் தாங்க ஆள் இருக்கிறது. முகாமை விட்டு வெளியேறி, பேருந்துப் படியிலோ மோட்டார் சைக்கிளிலோ மயங்குபவருக்கு யார் இருக்கிறார்கள்?

பீரின் தீங்கு இவ்விடத்தில்தான் இருக்கிறது. இதைப் பற்றி வழங்கும் விளக்கங்களில் ஒன்று தவறானது. அதை முதலில் அகற்றிவிடுவது நல்லது. 'உடலில் இரத்தம் குறைந்துவிட்டதால், குடித்த மது குறைந்த இரத்தத்தில் கலந்து மிகுந்த போதை தரும்' என்பார்கள். ஆல்கஹால் இரத்தத்தில் மட்டும் தங்குவதில்லை. உடலிலுள்ள நீர் முழுவதிலும் பரவுகிறது. அந்நீர் சுமார் 40 லிட்டர். அதில் அரை லிட்டருக்கும் குறைவாக நீங்கியதால் செறிவு குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்துவிடாது.

மற்றொரு விளக்கம் பாதி உண்மை. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சுரப்பை ஆல்கஹால் அடக்கிவிடுவதால் உடல் நீரை இழக்கிறது என்பது மெய். ஆனால் சாராயம் போன்ற கடுமையான பானங்களில் இது எவ்வளவோ, நூற்றுக்கு ஐந்து பங்கு ஆல்கஹால் உள்ள பீரில் அவ்வளவு இல்லை. முக்கியமான காரணம் வேறு. ஆல்கஹால் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. எழுந்து நிற்கும்போது சுருங்க வேண்டிய குழாய்கள் சுருங்க மறுக்கின்றன. இரத்தம் குறைந்த உடலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பை அது பறித்துவிடுகிறது. சாதாரண நாளில் ஒரு கோப்பை பீரால் தள்ளாடாத ஒருவர் அன்று மயங்கி விழக்கூடுவது இதனால்தான். தானம் செய்த பின் 24 மணி நேரம் மதுவைத் தவிர்க்குமாறு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கொடையாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. பீர்ச் சீட்டு வழங்கும் நாட்டிலேயே இந்த அறிவுரையும் வழங்கப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. கோப்பையாகக் கொடுக்காமல் சீட்டாகக் கொடுப்பதில் உள்ள நன்மையும் அதுவே. அதை மறுநாளோ மறுவாரமோ பயன்படுத்த முடியும்.

தானத்திற்கு முந்தைய வேளை இதைவிட முக்கியமானது. மது அருந்திய நிலையில் வருபவரிடம் இரத்தம் எடுத்தலாகாது. முன்னிரவு அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டு நீர் வற்றிய உடலோடு வருபவரும் அன்று கொடாதிருத்தலே நலம். அவரை ஏளனம் செய்யாமல் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும்.

அந்த முதல் கால் மணி நேரத்திற்கு ஏற்ற பானம் எது? விடை மிகச் சாதாரணமானது: நீர். தானத்திற்கு அரை மணி நேரத்திற்குள் அரை லிட்டர் நீர் அருந்தியவர்களுக்கு மயக்கம் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. படுத்திருக்கும்போது தொடையையும் வயிற்றையும் விட்டு விட்டு இறுக்கித் தளர்த்துவதும் உதவுகிறது. பின்னர் உப்பிட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ, அதனுடன் பிஸ்கட்டோ கொடுக்கலாம். நம் முகாம்களில் பந்தல் ஓரத்தில் மேசை போட்டு வழங்கும் சிற்றுண்டியைச் சிலர் வெறும் உபசாரம் என்று எண்ணி, 'வேண்டாம், வேலை இருக்கிறது' என்று கிளம்பிவிடுகிறார்கள். சிற்றுண்டியைக் காட்டிலும், அதை உண்ணும் பொருட்டு அவர் உட்கார்ந்திருக்கும் பதினைந்து நிமிடமே மருந்து. மேசையருகே அமர்ந்து நாலு வார்த்தை பேசக்கூடிய ஒரு தன்னார்வலரை நியமித்துவிட்டால் யாரும் அவசரப்பட்டு எழுவதில்லை.

பரிசும் விலையும்

மூன்றாவது வினா உடலைப் பற்றியதன்று. ஆயினும் நோயாளியின் உயிர் இதில்தான் அடங்கியிருக்கிறது. இரத்தத்தைச் சோதிக்கும் முறைகள் எவ்வளவு முன்னேறியிருப்பினும், நோய்த்தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களில் அவற்றுக்கு அகப்படாத இடைவெளி ஒன்று உண்டு. அந்த இடைவெளியை அடைப்பது கொடையாளர் படிவத்தில் எழுதும் உண்மை மட்டுமே. உண்மையை மறைப்பதால் ஆதாயம் கிடைக்குமானால் சிலர் மறைப்பார்கள்.

1970ஆம் ஆண்டில் ரிச்சர்டு டிட்மஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இரத்தத்தை விலைக்கு வாங்கிய அமெரிக்காவையும், தானமாகவே பெற்ற பிரிட்டனையும் அவர் ஒப்பிட்டார். காசுக்கு விற்ற இரத்தத்தில் மஞ்சட்காமாலைத் தொற்று மிகுந்திருந்தது. 1978 முதல் அமெரிக்காவில் ஒவ்வோர் இரத்தப் பையின் மீதும் அது தன்னார்வலர் தந்ததா, பணம் பெற்றவர் தந்ததா என்று குறிப்பது சட்டமாயிற்று. நம் நாட்டிலும் தொழில்முறையில் இரத்தம் விற்போர் பெருகியிருந்தனர். ஒரு பொதுநல வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்து அவ்வழக்கம் தடை செய்யப்பட்டது.

அப்படியாயின் பீர்ச் சீட்டு விலையா, பரிசா? அமெரிக்க அதிகாரிகள் இதற்கு ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கொடுத்த பொருளை எளிதில் பணமாக மாற்ற முடியுமா என்று பார்க்கிறார்கள். பிறருக்கு விற்க முடியாத, காசு திருப்பித் தரப்படாத ஒரு கோப்பைச் சீட்டு இதில் தேறிவிடும். சிற்றுண்டி, சிறு நினைவுப் பொருள், வந்து போகும் செலவு ஆகியவை தன்னார்வத் தானத்திற்கு முரணல்ல என்று சர்வதேச அமைப்புகளும் கொள்கின்றன. ஆனால் 'சிறிய' என்பது பெறுபவரைப் பொறுத்தது. மாதச் சம்பளம் பெறும் ஒருவருக்கு ஒரு சில்வர் பாத்திரம் நினைவுப் பொருள். கூலி வேலை கிடைக்காத நாளில் வந்த ஒருவருக்கு அதுவே கூலி. முகாம் அமைப்போர் பரிசுப் பொருளின் விலையைப் போட்டி போட்டு உயர்த்தும் இடங்களில் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பரிசு மனத்தில் செய்யும் வேலை விசித்திரமானது. ஸ்வீடனில் யோட்டபோரி நகரத்து ஆராய்ச்சி ஒன்றில், தானம் செய்யச் சம்மதமா என்று சிலரிடம் சும்மாவும், சிலரிடம் ஐம்பது குரோனா தருவதாகக் கூறியும் கேட்டார்கள். பெண்களில் சும்மா கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 52 பேர் இசைந்தனர். பணம் தருவதாகச் சொல்லப்பட்டவர்களில் 30 பேரே இசைந்தனர். அப்பணத்தை ஓர் அறநிலையத்திற்குக் கொடுத்துவிடலாம் என்று சேர்த்துச் சொன்னபோது 53 ஆயிற்று. பணம் வந்ததும், தாம் செய்வது தானமா விற்பனையா என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்திருக்க வேண்டும். ஆண்களிடம் அத்தகைய தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஸ்விட்சர்லாந்திலோ ஒரு லாட்டரிச் சீட்டு தானம் செய்வோரின் தொகையைச் சற்றே கூட்டியது. இலவசக் கொலஸ்ட்ரால் சோதனை ஒன்றும் செய்யவில்லை. ஆகவே எல்லாப் பரிசும் கெடுக்கும் என்றோ எல்லாப் பரிசும் உதவும் என்றோ கூறுவதற்கில்லை. என் கருத்தில், நண்பர்கள் கூடி 'நாம் இதைச் செய்தோம்' என்று மகிழ்வதற்கு ஒரு காரணமாக இருக்கும் வரை அமெரிக்கரின் கோப்பை குற்றமற்றது. அந்தக் கோப்பைக்காகவே ஒருவர் படிவத்தில் ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்வாரானால் அது விலையாகிவிட்டது.

ஸ்டாக்ஹோம் நகரத்து இரத்த வங்கி வேறொரு வழியைக் கண்டது. ஒருவர் கொடுத்த இரத்தம் ஒரு நோயாளிக்குச் செலுத்தப்படும்போது, கொடுத்தவருடைய கைப்பேசிக்கு அச்செய்தியைக் குறுந்தகவலாக அனுப்பிவிடுகிறார்கள். செலவு சில காசுகள். நம் மாவட்ட இரத்த வங்கிகளிலும் கொடையாளர்களின் எண் பதிவில் இருக்கத்தான் செய்கிறது.

முளைகட்டிய தானியம்

பீர் தயாரிப்பின் முதற்படியை இங்குக் குறிப்பிடாமல் விட மனமில்லை. வாற்கோதுமையை நனைத்து முளைவிடச் செய்து, உலர்த்தி இடிப்பதுதான் அம்முதற்படி. குழந்தைகளுக்காக நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி மாவாக்குவதும் இதே வேலை. முளைவிடும்போது மாவுப் பொருள் சர்க்கரையாக மாறத் தொடங்குகிறது. அத்துடன், தானியத்திலுள்ள இரும்பைக் குடல் ஏற்கவொட்டாமல் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் என்னும் பொருளும் குறைகிறது. பீர் ஆலை இதற்குப் பிறகு சர்க்கரையைக் கரைத்து வடித்து, ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் காய்ச்சி, ஈஸ்டை இட்டுப் புளிக்கவைத்துச் சக்கையை மாட்டுத் தீவனமாக விற்றுவிடுகிறது. நம் சமையலறையோ முழுத் தானியத்தையும் உணவாக்குகிறது.

ஆகையால் தானம் செய்தவருக்கு அடுத்த மூன்று மாதத்திற்கான உணவைப் பற்றிச் சொல்லும்போது, முளைகட்டிய பயறு, கேழ்வரகு, கீரை, உண்போராயின் மீன், முட்டை, ஈரல் ஆகியவற்றைக் குறிப்பிடலாம். உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்கு ஏறும். உணவை ஒட்டித் தேநீரோ காப்பியோ அருந்தினால் ஏறுவது குறையும். ஒரு மணி நேரம் தள்ளி அருந்தச் சொல்ல வேண்டும். முகாமில் அச்சிட்டுக் கொடுக்கும் அட்டையின் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. இவ்விவரங்களை எழுதவும், அடுத்து எந்தத் தேதிக்குப் பின் வரலாம் என்பதைக் குறிக்கவும் அந்த இடம் போதும்.